துப்பாத ஒன்பது பேர்

குழம்பு கொதி வந்ததும் இருசாயக்கா மூடியை முழுதாகத் திறக்க மாட்டார். எதிர்ப்பக்கம் ஒரு விரற்கடை மட்டும் தூக்குவார். வெளியே வரும் ஆவியை வலது உள்ளங்கையால் மூன்று முறை முகத்துக்கு வாரிக்கொள்வார், தூளிக் குழந்தைக்கு விசிறுவதுபோல மெதுவாக. கண்கள் மூடியிருக்கும். மூன்றாவது வாரலுக்குப் பிறகு கை மூக்கருகே அப்படியே நின்றுவிடும். அந்த நேரத்தில் சமையலறையில் யாரும் பேசக் கூடாது. பக்கத்தில் நிற்கும் ரஞ்சிதா மட்டும் கையிலிருக்கும் கரண்டியால் ஏதாவது ஒரு பாத்திரத்தின் விளிம்பைத் தட்டிக்கொண்டிருப்பாள். அவர் தங்கை மகள், சும்மா நிற்கத் தெரியாத பெண். டிங். சில நேரம் டிங் டிங். பிறகு இருசாயக்கா கண்ணைத் திறந்து, "ஒரு கை கல்லுப்பு பத்தல" என்பார். அல்லது, "போதும், எறக்கு" என்பார். வாயில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்து நான் கண்டதில்லை. உப்பு கூடியோ குறைந்தோ போனதாகவும் எந்த விருந்தாளியும் சொன்னதில்லை.

உப்புக்கு மணம் உண்டா என்று எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. கேட்கவில்லை. கேட்காமல் விடுவது என் சுபாவம். மலைமேல், வாழவந்தி நாடு என்கிற ஊர்த்தொகுதியில், எட்டு அறைகள் கொண்ட ஒரு விடுதியில், வருகிறவர்களின் பெயரை எழுதிக்கொள்வதுதான் என் வேலை. பதிவேட்டுக்கு அடியில் எப்போதும் ஒரு கவிதைப் புத்தகம் இருக்கும். மேசைக்குப் பின்னால் சமையலறை ஜன்னல். ஒரு நாளில் முக்கால்வாசி நேரம் எனக்குக் காட்சி அதுதான்.

இருசாயக்கா பிறந்தது பெரக்கரை நாட்டில். அங்கே நோம்பித் திருவிழாவுக்குச் சாமிச்சோறு ஆக்கும் வீடு அவருடையது. சாமிக்குப் படைக்கும் முன் சோற்றை யாரும் ருசி பார்க்கக் கூடாது. மூக்கால்தான் பார்க்க வேண்டும். பன்னிரண்டு வருடங்களுக்கு முன் இந்த விடுதிக்கு அறை கூட்டும் வேலைக்குத்தான் வந்தார். ஒருநாள் விளக்குமாறும் கையுமாகச் சமையலறை ஜன்னலைத் தாண்டிப் போனவர், நின்று காற்றை முகர்ந்து, "புளி இன்னும் பச்சையா இருக்குதுங்க" என்று உள்ளே சொல்லியிருக்கிறார். அப்போதிருந்த சமையற்காரர் ரோஷப்பட்டு, "அப்ப நீயே வந்து ஆக்கு" என்று கரண்டியை நீட்டியிருக்கிறார்.

"வாங்கிக்கிட்டேன் சாமி. அப்பறம் திருப்பிக் குடுக்கவே இல்ல" என்பார் இருசாயக்கா. அந்த விளக்குமாறு அன்றிலிருந்து சமையலறைக் கதவுக்குப் பின்னாலேயே இருந்தது.

விடுதிக்காரர் சிவபிரகாஷ் நாமக்கல்லில் இருந்து வாரம் இரண்டு முறை வருவார். ஒவ்வொரு முறையும் ஒரு புது யோசனை கொண்டுவருவார். ஒரு முறை ஊஞ்சல். ஒரு முறை வான்கோழி. போன கார்த்திகையில் கொண்டுவந்தது ஒயின்.

சென்னையில் ஒரு கூட்டம் இருக்கிறதாம். எல்லோரும் சைவம். மாதம் ஒருமுறை எங்காவது கூடி, எந்த ஒயினுக்கு எந்தக் காய்கறிச் சாப்பாடு பொருந்தும் என்று ஆராய்ச்சி செய்வார்களாம். ஒயின் என்றாலே கறிக்கும் மீனுக்கும்தான் என்று உலகம் சொல்லிவைத்திருப்பதில் அவர்களுக்கு வருத்தம். அந்தக் கூட்டத்தின் தலைவர் முரளி. சனிக்கிழமை மதியம் ஒன்பது பேர் வருவதாகச் சிவபிரகாஷுக்கு எழுதியிருந்தார்.

"ஏனுங்க இருசாயக்கா, இது நல்லாப் போச்சுன்னா மாசாமாசம் வருவாங்க" என்றார் சிவபிரகாஷ். "அடுப்பு உங்களுதுதான், நான் ஒண்ணும் கேக்க மாட்டேன். சொதப்புச்சுன்னா, திங்கக்கெழம சேலத்துல இருந்து ஒரு மாஸ்டர் வாராருங்க. பெரிய ஓட்டல்ல இருந்தவரு. வெள்ளத் தொப்பியெல்லாம் வெச்சிருக்காரு."

"அப்ப நானுங்க?"

"உங்கள எங்கயும் அனுப்ப மாட்டனுங்க. ரூமு பாத்துக்குங்க."

இருசாயக்கா கதவுக்குப் பின்னால் இருந்த விளக்குமாற்றைக் காலால் இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளினார்.

எந்த ஒயினுக்கு என்ன வேண்டும் என்று முரளி அனுப்பிய பட்டியலைச் சமையலறையில் நின்று வாசிப்பது என் பொறுப்பாயிற்று.

"ஆட்டுப்பால்ல செஞ்ச சீஸ்" என்றேன்.

"ஆட்டுப்பால நாம எடுத்துக்கிட்டா குட்டி எதக் குடிக்கும்? அடுத்தது படி."

"ஆலிவ் காய்."

"அது எந்த நாட்டுக் காயி?"

"வெளிநாடுங்க."

"வெளிநாட்டுலயே இருக்கட்டும். அடுத்தது."

"சிவப்பு ஒயினுக்கு மண்வாசம் இருக்கிற உணவு ஏற்றது."

கிழங்கு சீவிக்கொண்டிருந்த ரஞ்சிதா நிமிர்ந்தாள். "கிழங்கக் கழுவாமப் போட்டுறலாம் பெரிம்மா, வேல மிச்சம்."

இருசாயக்காவின் கணவர் முத்தன், மிளகு பறிக்க, கொடி படர்ந்த சில்வர் ஓக் மரங்களில் ஏறுகிறவர். ஏணியோடு அந்த வழியாக வந்தவரிடம் ரஞ்சிதா விஷயத்தைச் சொல்லி, சரக்குக்கு எது பொருத்தம் என்று கேட்டாள். அவர் ஏணியை இறக்கிவைக்காமலே யோசித்தார்.

"ஊறுகா" என்றார்.

"அப்பறம்?"

"அப்பறம் என்ன அப்பறம்? ஊறுகாயும் இல்லீன்னா வெரல நக்கிக்கோணும்." போய்விட்டார்.

அந்த வாரம் இருசாயக்காவுக்கு நிதானமில்லை. புதன்கிழமை பால் அடிப்பிடித்து என் மேசை வரை தீய்ந்த நாற்றம் வந்தது. அவர் அடுப்புக்கு நேர் எதிரே நின்று அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தார். ரஞ்சிதா தோட்டத்திலிருந்து ஓடிவந்து இறக்கினாள். கவலையில் மனம் எங்கோ போயிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை மதியமே முரளி முன்னோட்டம் பார்க்க வந்துவிட்டார். ஐம்பது வயதிருக்கும். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி முகர்ந்துவிட்டுத் திரும்ப மாட்டிக்கொள்கிறவர். மூன்று புட்டிகளைச் சாப்பாட்டு மேசையில் வைத்தார். ஒன்று நுரைக்கிறது, ஒன்று இளமஞ்சள் நிறத்தில் லேசாக இனிக்கும் வெள்ளை, ஒன்று சிவப்பு. தரையில் வைக்க ஒரு வாளி கேட்டார். எதற்கென்று தெரியாமலே ஒரு எவர்சில்வர் வாளியைக் கொடுத்தேன்.

"அம்மா, நீங்க ருசி பாக்காமலே சமைப்பீங்களாமே. மூக்காலயே எல்லாம் கண்டுபிடிச்சிருவீங்கன்னு சிவபிரகாஷ் சொன்னார். இதைக் கொஞ்சம் பாருங்க" என்று வெள்ளை ஒயின் இருந்த கோப்பையை நீட்டினார்.

இருசாயக்கா முந்தானையில் கையைத் துடைத்தார். கோப்பையைத் தொடவில்லை. அது முரளியின் கையில் இருக்க, மேலே இருந்த காற்றை மூன்று முறை வாரினார். கண்ணை மூடினார்.

"பலா அறுத்த மறுநாளு" என்றார். "சோப்புப் போட்டுக் கழுவியும் வெரலிடுக்குல ஒண்ணு நின்னுக்கிட்டு இருக்குமுங்களே. அது."

முரளி கோப்பைக்குள் மூக்கை விட்டார். வெளியே எடுத்தபோது முகமே மாறியிருந்தது. "ஆமா! பலா! ஆறு மாசமா இது என்னன்னு தேடிக்கிட்டிருக்கேன். பலாதான்!"

சிவப்பை நீட்டினார்.

"மழ விட்டு மூணாம் நாளு. மொளகுக்கொடிக்கு அடியில மண்ணக் கெளறுனா வருமே ஒரு ஈரம்."

முரளி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். ஒரு நோட்டை எடுத்து எழுதிக்கொண்டார். மேசைக்குத் திரும்பி, பதிவேட்டின் கடைசிப் பக்கத்தில் நானும் எழுதிக்கொண்டேன். அன்று பதிவேட்டுக்கு அடியில் இருந்த புத்தகத்தில் அதற்கு ஈடான ஒரு வரி இல்லை.

பிறகு சாப்பாடு வந்தது. சமையலறை ஜன்னலில் இருசாயக்காவும் ரஞ்சிதாவும் நின்றார்கள். முரளி ஒரு வாய் மிளகுக் குழம்பு சாப்பிட்டார். சிவப்பு ஒயின் கோப்பையை எடுத்து ஒரு சுற்று, இரண்டு சுற்று, மூன்று சுற்று சுற்றினார். வெளிச்சத்தில் பார்த்தார். ஒரு வாய் எடுத்தார். குனிந்து வாளியில் துப்பினார்.

"பெரிம்மா" என்றாள் ரஞ்சிதா மெதுவாக. "உஞ்சோத்துக்கு அந்தாளு திருஷ்டி கழிக்கிறாரு."

எங்கள் பக்கம் மூன்று சுற்றுச் சுற்றித் துப்பினால் அதற்கு வேறு அர்த்தமே கிடையாது. குழந்தை வீறிட்டு அழுதாலும், மாடு பால் சுரக்காமல் நின்றாலும் அதைத்தான் செய்வார்கள். உப்புமிளகாய்க்குப் பதிலாக இவர் கண்ணாடிக் கோப்பையைச் சுற்றுகிறார், அவ்வளவுதான்.

"எங்கண்ணு பட்டுச்சுங்கறானா?" இருசாயக்கா ரஞ்சிதா பக்கம் திரும்பினார். "நான் சோத்தப் பாக்கறதே இல்லியேடி. கண்ண மூடிட்டுத்தான் நிக்கறேன்."

"வெளியூருக்காரனுக்கு அது எப்படித் தெரியும்?"

"ஏ யுவராசு, போயி என்ன ஏதுன்னு கேட்டுட்டு வா."

நான் முரளி பக்கத்தில் போய் நின்றேன். தண்ணீர் ஊற்றினேன். திரும்பி வந்தேன். "அவங்க வழக்கமாம்" என்றேன். நான் எதையும் கேட்கவில்லை என்பதை அவர்கள் இருவரும் கண்டுகொள்ளவில்லை.

அதற்குள் அங்கே இன்னொன்று நடந்திருந்தது. முடவாட்டுக்கால் சூப்புக்கு வந்திருந்தார் முரளி. பாறைமேல் விளைகிற கிழங்கு அது. ஆட்டுக்கால் போலவே மேலே மயிர் இருக்கும், சூப் வைத்தால் வாசமும் அப்படியே. ஒரு கரண்டி குடித்தார். சிவப்பைச் சுற்றினார், வாய் நிறைய எடுத்தார், கண்ணை மூடினார். விழுங்கிவிட்டார். அடுத்த கரண்டி. அதற்கும் விழுங்கினார். வாளி இருக்கும் பக்கமே அவர் திரும்பவில்லை. மரவள்ளி வடைக்கு நுரைக்கிற ஒயின் போயிற்று. அதற்கும் துப்பவில்லை. அன்னாசி ரசத்தோடு வெள்ளையை வாயில் வைத்ததும் முகத்தைச் சுளித்துத் துப்பினார்.

இருசாயக்கா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் பார்த்தார். கடைசியில் நிதானமாகச் சொன்னார்:

"எது ஒத்துப்போகுதோ அதுக்குத் துப்பறதில்ல. ஒத்துப்போகாததுக்குத்தான் திருஷ்டி கழிக்கிறான். அவ்வளவுதான் புள்ள சங்கதி. நாளைக்கி ஒருத்தனும் துப்பக் கூடாது."

சனிக்கிழமை காலை பதினொரு மணிக்கு மூன்று கார்களில் மற்ற எட்டுப் பேரும் வந்தார்கள். அவர்களே ஓட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். சாப்பிட்டு, நான்கு மணிக்குக் கிளம்பி, இருட்டுவதற்குள் மலை இறங்கிவிடுவதாகத் திட்டம். முரளியும் அவர்களோடு இறங்குவதாக இருந்தார். மரத்தடியில் நீள மேசை போட்டோம். ஆளுக்கு மூன்று கோப்பை. மேசைக்கு இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கம் ஒன்றாக இரண்டு வாளிகள். என்னைத் தண்ணீர் ஜாடியோடு வாளிகளுக்கு நடுவில் நிற்கவைத்தார் இருசாயக்கா.

"ஒவ்வொரு தட்டுக்கும் எத்தன பேரு துப்பறான்னு கை வெரல்ல காட்டு. பேச வேண்டாம். நீ எப்பவும் பேச மாட்டியே, இது உனக்குச் சுளுவு."

மரவள்ளி வடையும் நுரையும் முதலில் போயின. இரண்டு பேர் துப்பினார்கள். இரண்டு விரலைக் காட்டினேன். ஜன்னலில் இருசாயக்காவின் முகம் சுருங்கியது. அடுத்த ஈடு வடை இன்னும் கொஞ்சம் மொறுமொறுப்பாக வந்தது. ஒருவர் வாளிப் பக்கம் குனிந்தார்; மனம் மாறி நிமிர்ந்து விழுங்கினார். நான் கையை மடக்கிக்கொண்டேன்.

இடையில் சிவபிரகாஷ் சேலத்திலிருந்து வரவழைத்திருந்த பன்னீரை நீட்டினார். வெள்ளையோடு அதைச் சாப்பிட்டுவிட்டு ஒன்பது பேரும் வரிசையாகத் துப்பினார்கள். எனக்கு இரண்டு கையும் தேவைப்பட்டது. பன்னீர் தன் சமையல் இல்லை என்பதால் இருசாயக்கா அதற்கு வருத்தப்பட்ட மாதிரித் தெரியவில்லை.

அன்னாசி ரசம் வந்தது. ஆறு விரல்.

"புளிப்புக்கு அது ஒத்துக்கல" என்று உள்ளே அவர் சொல்வது கேட்டது. "கண்ணு, ரசத்த ஓரமா வெய்யி. அன்னாசிய அரிஞ்சு கருப்பட்டியில பொரட்டு. பச்ச மொளகு இருக்குதா? கொத்தோட எடு. உரலு வேண்டாம், அம்மிக்கல்லுல ஒரு தட்டு."

தினைச் சோற்றின்மேல் அந்த அன்னாசி வந்தது. இனிப்பு முன்னால் போக, பச்சை மிளகின் காரம் பின்னால் வந்து பிடித்திருக்க வேண்டும். எல்லோரும் ஒரே நேரத்தில் வெள்ளையை எடுத்தார்கள். மூன்று சுற்று. வாயில் ஊற்றினார்கள். நான் வாளியைப் பார்த்தேன். யாரும் வரவில்லை. ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி ஒருவர் மட்டும் எழுந்தார். என் விரல் உயர ஆரம்பித்தது. அவர் வாளியைத் தாண்டிப் போய் இன்னொரு தட்டு கேட்டார்.

முடவாட்டுக்கால் சூப்புக்கும் மொச்சைக்கொட்டைக் குழம்புக்கும் சிவப்பு வந்தபோது, பூஜ்ஜியத்தை எப்படிக் காட்டுவதென்று தெரியாமல் ஜாடியைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினேன். சமையலறையில் ரஞ்சிதா விசில் அடித்தாள்.

அதற்குப் பிறகு அந்த வாளிகளை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. மூன்று மணிக்கு முரளி பாடினார். மூன்றரைக்கு வங்கி அதிகாரி மிளகுக்கொடி படர்ந்த சில்வர் ஓக் ஒன்றைக் கட்டிப்பிடித்து, தன் வீட்டில் தன்னை யாரும் புரிந்துகொள்ளவில்லை என்று அதனிடம் சொன்னார். நான்கு மணிக்கு மூன்று கார்களின் சாவியையும் சிவபிரகாஷ் பிடுங்கி வைத்துக்கொண்டார்.

"எழுபது கொண்டை ஊசி வளைவு! இதுல எவன் நேரா ஒக்காருவான்னு காட்டுங்க பாப்போம்!" என்று சமையலறைக்குள் நுழைந்தார். "என்னத்தக்கா போட்டீங்க சோத்துல? ராத்திரிக்கி இவங்கள எங்க படுக்க வெக்கறது? ஆறு ரூமுக்கு ஆளு வந்தாச்சு! இருங்க, சேலத்து மாஸ்டருக்கு இப்பவே போனு போடறேன்."

"துப்பலீங்க" என்றார் இருசாயக்கா.

"என்ன?"

"ஒருத்தர்கூடத் துப்பலீங்க. தம்பியக் கேளுங்க."

சிவபிரகாஷ் என்னைப் பார்த்தார். நான் மறுபடியும் ஜாடியைத் தூக்கிக் காட்டினேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் அப்போது போன் போடவில்லை. மாடிக்குப் பாய் எடுக்க ஓடினார். இருசாயக்கா கதவுக்குப் பின்னால் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, ஒன்பது பேருக்கும் மிளகு ரசம் வைக்க ஆரம்பித்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை முரளி தலையில் ஈரத்துண்டோடு சமையலறை வாசலுக்கு வந்தார். இருசாயக்கா எழுந்து நின்றார். பின்னால் சிவபிரகாஷ் கைப்பேசியோடு தயாராக நின்றார்.

"அம்மா, நாங்க ஏன் துப்பறோம்னு தெரியுமா?"

"தெரியுமுங்க. எங்கண்ணு பட்டுரும்னு."

முரளிக்குச் சிரிக்கத் தலைவலி இடம் கொடுக்கவில்லை. "போதை ஏறக் கூடாதுன்னும்மா. நிறைய வகை பாக்கணும், நாக்கு தெளிவா இருக்கணும், வண்டி ஓட்டணும். அதனால ருசி பாத்துட்டுத் துப்பிருவோம்."

இருசாயக்கா அவரை ஏற இறங்கப் பார்த்தார். "காசு குடுத்து வாங்கி, மலையேறி வந்து, நல்லாருக்கற பொருளத் துப்பறதுங்களா? உங்க ஊட்டுல யாரும் ஒண்ணும் சொல்றதில்லீங்களா?"

"பதினாலு வருஷமா இந்தக் கூட்டத்தை நடத்தறேன். எவ்வளவு பெரிய ஓட்டல்னாலும் துப்பற வாளி நிறைஞ்சிரும். நேத்துதான் முதல் தடவையா எல்லாரும் துப்ப மறந்துட்டாங்க." சிவபிரகாஷைத் திரும்பிப் பார்த்தார். "அடுத்த மாசம் ரெண்டு நாள் தங்கறோம் சார். டிரைவரோட வர்றோம். ஒரே நிபந்தனை. அடுப்புல இவங்கதான் நிக்கணும். இப்படி ஒரு மூக்கை நான் பாத்ததே இல்லை."

சிவபிரகாஷ் நகர்ந்து போய்ப் போன் பேசினார். "இல்லீங்க மாஸ்டர், இப்பத்திக்கி வேண்டாமுங்க" என்று மட்டும் என் மேசைக்குக் கேட்டது. மாலையில் ரஞ்சிதா அந்த விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு போய் வாசலைக் கூட்டினாள். பிறகு அது சமையலறைக்குத் திரும்பவில்லை.

அதற்குப் பிறகு அந்தக் கூட்டம் மூன்று முறை வந்தது. முரளி தயாரித்த அச்சிட்ட பட்டியலில் வெள்ளைக்கு நேரே 'பலா அறுத்த மறுநாள் விரல்' என்றும், சிவப்புக்கு நேரே 'மழை விட்ட மூன்றாம் நாள், மிளகுக்கொடியின் அடி' என்றும் இருந்தது. வருகிறவர்கள் அதைப் படித்துவிட்டுக் கோப்பையை முகர்ந்து, ஆமாம் ஆமாம் என்று தலையாட்டுவார்கள். நானும் ஒருமுறை முகர்ந்து பார்த்தேன். எனக்கும் பலா வந்தது.

வைகாசியில் ரஞ்சிதா கல்யாணம் ஆகிப் புளியஞ்சோலைக்குப் போனாள். போவதற்கு முந்தின நாள் என் மேசைக்கு வந்து, இதுவரை அவள் யாருக்கும் தராத அந்தக் கரண்டியை வைத்தாள்.

"கொதிக்கறப்ப பெரிம்மாவுக்குத் தெரியாத மாதிரி இல்ல, தெரிஞ்சே, ஒரு சொட்டு எடுத்து நாக்குல வெய்யி. உப்பு பத்தலீன்னா ஒரு தட்டு. செரியா இருந்தா ரெண்டு. யாருகிட்டயும் சொல்லீராத."

எனக்குப் புரியச் சிறிது நேரம் ஆயிற்று. அவளே சொன்னாள். கொரோனா வந்த வருஷம் பதினைந்து நாள் படுத்து எழுந்ததிலிருந்து இருசாயக்காவுக்கு மூக்கு வேலை செய்யவில்லை. மிளகு தெரியாது, தீய்ந்த பால் தெரியாது. அடுப்பு போய்விடுமே என்று ரஞ்சிதாவைத் தவிர யாரிடமும், முத்தனிடம்கூட, அவர் சொன்னதில்லை.

"அப்ப அந்தப் பலா?" என்றேன். என் வாழ்நாளில் நானாகக் கேட்ட ஒருசில கேள்விகளில் அது ஒன்று.

"அதா? நானுங்கூடப் பெரிம்மாகிட்டக் கேட்டேன்" என்றாள் ரஞ்சிதா. "மஞ்சளா இருந்துச்சு, பலான்னேன், செவப்பா இருந்துச்சு, மண்ணுன்னேன், வேறென்னத்தடி சொல்றதுன்னுச்சு."